ரேகை இல்லாத கறை: ஒரு நாவல் அட்டையின் முதல் ஏழு வாரம்

வேலை ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவாக வந்தது. பேசியவர் சென்னையில் சிறிய பதிப்பகம் நடத்துபவர். "பண்ருட்டிப் பக்கத்துக் கதை சார். தானே புயல். 270 பக்கம் வரும். அட்டையில புயல் தெரியணும், ஒரு பொண்ணு இருக்கணும். ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு வந்தாகணும்." கூடவே ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் முதல் அத்தியாயமும் வந்தன. அட்டைக்கு 5,000 ரூபாய், அச்சு 300 பிரதி.

நாவல் இன்னும் வெளிவரவில்லை. அதனால் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் இங்கே சொல்லவில்லை. ஆசிரியர் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பிறந்த ஊர் பண்ருட்டிக்கு மேற்கே. நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். தலைப்பில் ஒரு 'ணை' வருகிறது. அதை மட்டும் சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது வீட்டுக்குள் பீரோவைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றவன். மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் காற்று என்று பிறகு பேப்பரில் படித்தேன். எங்கள் தெருவில் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஆகவே இந்தக் கதை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வேலையில் நடந்த பெரிய தவறு அதுதான்.

முதல் ஆறு படம்

கதைச்சுருக்கத்தைப் படித்த அன்று இரவே ஆறு பென்சில் ஸ்கெட்ச் போட்டுவிட்டேன். வேர் மேலே தூக்கி விழுந்து கிடக்கும் மரம். கடலைப் பார்த்து நிற்கும் பெண், முதுகு மட்டும் தெரிகிறது, புடவை பறக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் புயலின் சுழி. ஓடு பறந்த வீட்டின் உள்ளிருந்து தெரியும் வானம். காற்றில் சாயும் எழுத்துகள், படமே இல்லை. கடைசியாக, குப்புறக் கிடக்கும் படகு.

போடும்போது கை நிற்கவே இல்லை. அந்த வேகத்தைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு படம் அவ்வளவு சுலபமாக வருகிறதென்றால் அது ஏற்கெனவே நூறு அட்டையில் பார்த்த படம். முதுகு காட்டும் பெண் தமிழ் நாவல் அட்டைகளில் குடியேறி எத்தனை வருடம் ஆகிறது? அவளுக்கு இனி பட்டாவே கொடுத்துவிடலாம். இருந்தாலும் முதல் சுற்றை வீண் என்று சொல்ல மாட்டேன். தலைக்குள் கிடக்கும் பழைய அட்டைகளைக் கொட்டித் தீர்க்க ஒரு சுற்று வேண்டும். அந்தக் குப்பையைக் கான்செப்ட் என்று பெயர் வைத்து அனுப்பியதுதான் தப்பு.

ஆறையும் பதிப்பாளருக்கும் டீச்சருக்கும் அனுப்பினேன். பதிப்பாளருக்கு மரமும் பெண்ணும் பிடித்தன, "ரெண்டையும் சேத்து ஒண்ணு பண்ணிடுங்க" என்றார். டீச்சர் மட்டும் நேரில் வரச் சொன்னார். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம்.

"நல்லா வரையுறீங்க தம்பி. ஆனா இதெல்லாம் புயலைப் பத்தின புத்தகத்துக்கு. நான் எழுதினது அதுக்கப்புறம் வர்ற மூணு வருஷம்." கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் என் கதையில கடலே இல்ல. ஒரே ஒரு தடவை பஸ் ஜன்னல் வழியா வருது. அதையும் அவ பாக்க மாட்டா, தூங்கிட்டு வருவா."

எதிரே கடல் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முழுவதும் படித்தபின்

கையெழுத்துப்படி முழுவதையும் வாங்கிவந்து படித்தேன், நான்கு இரவு. கதையை ரொம்பச் சொல்லக்கூடாது. புயலில் முந்திரித் தோப்பு மொத்தமும் போன ஒரு குடும்பம். ஒட்டுக்கன்று நட்டால் பலன் பார்க்க மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று வருடத்தைத் தள்ளுவதுதான் நாவல். புருஷன் திருப்பூருக்குப் போகிறான். நிவாரணப் பணம் யார் பேரில் என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு. அவள் கூலிக்குக் கொட்டை உடைக்கப் போகிறாள். இதே தோப்பின் கொட்டையை வீட்டில் வைத்து உடைத்தவள், இப்போது வேறு யாரோ தோப்பிலிருந்து வந்த மூட்டைக்கு முன்னால் உட்கார்கிறாள்.

இரண்டாவது வாசிப்பில் ஒரு காரியம் செய்தேன். கதையில் யாருடைய கை எதைத் தொடுகிறது என்று மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டே போனேன். என்ன நடக்கிறது என்பதைக் குறித்தால் திரும்பவும் மரம் விழும் காட்சிக்குத்தான் போய் நிற்பேன். கை தொடும் பொருள்கள் வேறு பட்டியலாக வந்தன: கன்று வைத்த கறுப்புப் பாலிதீன் பை, பஸ் டிக்கெட், சாம்பல், மரக்கட்டை, ஸ்டாம்ப் பேட். கடைசி மூன்றும் அடிக்கடி வந்தன.

முந்திரி ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் பொத்துப்போகும், உரியும், கறுத்துவிடும். அதனால்தான் உடைக்கிற பெண்கள் சாம்பலைத் தொட்டுத் தொட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்தேதான் இருக்கும். நாவலில் அவள் நிவாரணத் தாளில் கைநாட்டு வைக்கப் போகும்போது, மை தடவும் முன்பே விரல் கறுப்பாக இருப்பதைப் பார்த்து அலுவலகத்தில் ஒருவர் சிரிப்பார். ஒரே வரி. படித்து முடித்தும் என்னை விடாத வரி அது.

அதிலிருந்து பிறந்ததுதான் இரண்டாம் சுற்றின் கான்செப்ட்: ஒரு பெரிய கைநாட்டு. அதன் ரேகைச் சுழிதான் புயலின் சுழி, அதுவே வெட்டிய மரத்தின் வளையமும். ஒரு உருவத்தில் மூன்று அர்த்தம்! அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி மாளாது. பதிப்பாளர் துள்ளிக் குதித்தார். டீச்சருக்கும் பிடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கர்வம் தெளிந்தது. ரேகையும் மர வளையமும் ஒன்றுபோல இருப்பது ஸ்டாக் படத் தளங்களில் கிடக்கும் சமாச்சாரம், சுற்றுச்சூழல் தின போஸ்டர்களில் வருடா வருடம் வரும். சரி, பழசாக இருந்தால் என்ன, பொருந்துகிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு வழக்கமாகச் செய்யும் சோதனையைச் செய்தேன். அட்டையைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, போனில் ஆன்லைன் புத்தகக் கடை பக்கத்தில் மற்ற அட்டைகளோடு ஒட்டிப் பார்ப்பது. இன்று ஒரு நாவலை வாசகர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் அந்த அளவில்தான். தெருமுனை டீக்கடையில் மூன்று பேரிடம் போனை நீட்டி, "என்ன கதைன்னு தோணுது?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான். போலீஸ் கதை. ஒருவர் கூடுதலாக, "கொலைகாரன் மாட்டிப்பானா?" என்றார்.

அவர்கள்மேல் தப்பில்லை. யார் என்ன வரைந்தாலும், பெரிய ரேகை என்றால் தமிழ் வாசகர் கண்ணுக்கு அது துப்பறிவுதான். மூன்று அர்த்தம் வைத்திருந்தேன், நாலாவது அர்த்தம் மூன்றையும் தின்றுவிட்டது.

இந்த இடைவெளியில் பதிப்பாளர் ஏஐயில் செய்த நான்கு படங்களை அனுப்பினார். வெளிச்சம், நிழல் எல்லாம் அபாரம். முந்திரிக் கொட்டை மட்டும் பழத்துக்குள்ளே மாங்கொட்டை மாதிரி இருந்தது. முந்திரிக்குக் கொட்டை பழத்துக்கு வெளியே, கீழே தொங்கும். இதைப் பண்ருட்டியில் ஒரு குழந்தையிடம் காட்டினால்கூட சிரிக்கும். தலைப்பின் இடத்தில் தமிழ் மாதிரி ஏதோ இருந்தது.

தோப்புக்குப் போன நாள்

ஏஐயைப் பார்த்துச் சிரித்தேன், ஆனால் என் மரத்தின் யோக்கியதையும் தோப்புக்குப் போன அன்றுதான் தெரிந்தது. டீச்சரின் உறவினர் ஒருவர் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி, அங்கிருந்து இன்னொரு பஸ். செம்மண் தரை, வெயிலில் காயப்போட்ட கொட்டை, வறுத்த ஓட்டின் காரமான புகை நெடி. நான் ஸ்கெட்ச்களைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இந்த வேலைக்கு நான் பயன்படுத்துவது புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதம். 1959 முதல் அங்கே செய்கிறார்கள், பருத்தித் துணிக் கழிவை ஊறவைத்து அரைத்துச் செய்யும் தாள். பென்சில் அதில் நன்றாகப் பிடிக்கும்.

வயதான ஒரு அம்மா விழுந்த மரத்தின் படத்தை வாங்கிப் பார்த்தார். "இன்னாப்பா இது, வேப்பமரமா?"

"முந்திரிம்மா."

"முந்திரி எங்கப்பா இவ்ளோ ஒசரம் நிக்குது? அது படுத்துக்கினு இல்ல இருக்கும்."

எதிரே காட்டினார். உண்மைதான். குட்டையான அடிமரம், தரையைத் தொடுகிற மாதிரி பரந்த கிளைகள், குடையைக் கவிழ்த்து வைத்தது போல. நான் வரைந்திருந்தது நெடுநெடுவென்று ஒற்றைத் தண்டு. புயல் என்றதும் என் கை வரைந்தது மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் விழுந்த மரத்தை.

படங்கள் கைமாறிக் கைமாறிப் போயின. ஒருவர் பார்த்து அடுத்தவரிடம் தந்தார்கள், சிரித்தார்கள், ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்தார்கள். திரும்பி வந்தபோது எல்லாத் தாளின் ஓரத்திலும் கறுப்பு. ஒரு பெண் பதறிப்போய், "ஐயோ தம்பி, அழுக்காயிடுச்சே" என்று தாளைப் புறங்கையால் துடைத்தார். அது இன்னும் நீளமாக இழுத்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். காலித் தாள் அது, படம் எதுவும் இல்லை. கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே சாய்வாக நான்கு விரலின் இழுப்பு. தொடக்கத்தில் அடர்த்தியான கருங்காப்பி நிறம், போகப்போகச் சாம்பல் கலந்து வெளுத்து மறைகிறது. சுற்றிலும் எண்ணெய் ஊறி மஞ்சளாக ஒரு விளிம்பு. துணியிலிருந்து வந்த தாள், துணி மாதிரியே குடித்திருந்தது. ரேகை ஒன்றுகூடத் தெரியவில்லை. அது கை வைத்த அடையாளம் இல்லை, கை துடைத்த அடையாளம்.

அதுவரை நான் வரைந்த எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை என்று அப்போதே தெரிந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

"புத்தகம் அழுக்கு"

மூன்றாம் சுற்றில் ஒரே கான்செப்ட்தான் அனுப்பினேன். வெளிர்ந்த தாள் நிறம், வலது கீழ் மூலையில் கறை, மேலே தலைப்பு, அதற்குக் கீழே சின்னதாக ஆசிரியர் பெயர். பதிப்பாளர் பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"சார், இத கடைக்கு அனுப்பினா புத்தகம் அழுக்காயிருக்குன்னு ரிட்டர்ன் பண்ணுவான்."

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அவர் சொல்வதுதான் சரி. வெள்ளை அட்டையின் மூலையில் சின்ன கறுப்பு இழுப்பு என்றால் விற்பனையாளர் முதலில் ஈரத்துணியைத்தான் எடுப்பார். ஒரு கான்செப்ட்டைப் பற்றி டிசைனர்கள் சொல்லும் விமர்சனத்தைவிட, மூட்டை பிரித்து அடுக்குகிறவர்கள் சொல்வதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஆகவே கறையைப் பெரிதாக்கினேன். மூலையில் ஒளிந்திருக்காமல் முன்னட்டையின் கீழ்ப்பாதியை முழுக்க எடுத்துக்கொண்டு, புத்தகத்தின் முதுகைத் தாண்டிப் பின்னட்டையில் போய் மறையட்டும். அந்த அளவில் அதை யாரும் தற்செயல் அழுக்கு என்று எண்ண மாட்டார்கள். தபால்தலை அளவிலும் தெரிந்தது. டீக்கடையில் இந்த முறை ஒருவர் "பெயின்ட் அடிக்கிறவன் கதையா?" என்றார், இன்னொருவர் "மழை" என்றார், மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரோ கை கழுவல" என்றார். எனக்கு அது போதும்.

பெரிதாக்கியதில் அச்சுப் பிரச்சினை வந்தது. டெமி அளவு, 140க்கு 216 மில்லிமீட்டர். லே-அவுட் முடிந்தபோது 272 பக்கம் வந்தது, அதாவது 136 தாள். உள்பக்கங்களுக்கான 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ காகிதத்தில் ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 14 மில்லிமீட்டருக்குப் பக்கம். முன், பின், முதுகு சேர்த்து 294, சுற்றிலும் வெட்டுக்கு 3 விட்டால் மொத்தம் 300க்கு 222. கணக்கு சுலபம். ஆனால் 300 பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது, டிஜிட்டல் அச்சுதான். டிஜிட்டலில் அடர்ந்த கறுப்பு முதுகின் மடிப்பில் விழுந்தால் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். லேமினேஷன் கொஞ்சம் காப்பாற்றும், முழுக்கக் காப்பாற்றாது. அதனால் கறையின் அடர்ந்த பகுதி முன்னட்டைக்குள்ளேயே முடிந்து, மடிப்பில் வெளுத்த பகுதி மட்டும் வருகிற மாதிரி நகர்த்தினேன். இதனால் விரல்களின் சாய்வு நான் விரும்பியதைவிடச் செங்குத்தாகிவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்ததில் பழகிவிட்டது.

எண்ணெயின் மினுமினுப்புக்காகக் கறையின் மேல் மட்டும் ஸ்பாட் யுவி என்ற பளபளப்புப் பூச்சு போடலாமா என்று கேட்டேன். பதிப்பாளர் விலை விசாரித்துவிட்டு அதைப் பற்றிப் பேசவே இல்லை. மேட் லேமினேஷன் என்று முடிவானது. பளபளக்கும் க்ளாஸ் லேமினேஷன் போட்டால் காகிதம் என்ற உணர்வே போய்ப் பிளாஸ்டிக் ஆகிவிடும். மேட் போட்டால் நிறம் ஒரு படி மங்கும், ஆகவே கருங்காப்பியில் சிவப்பைக் கொஞ்சம் தூக்கிவைத்தேன். தாளின் சொரசொரப்பையும் ஸ்கேனில் பாதியாகக் குறைத்தேன். வழவழப்பான ஆர்ட் கார்டில் சொரசொரப்பான தாளின் படம் அடிப்பது ஒரு சின்ன பொய், அளவோடு சொன்னால்தான் நம்புவார்கள்.

ணை

எழுத்துக்கு வருகிறேன். முதலில் இலவச எழுத்துருக்களில் போட்டுப் பார்த்தேன். கேட்டமரான் சுத்தமாக இருந்தது, ரொம்பச் சுத்தம், வங்கி விளம்பரம் மாதிரி. பலூ தம்பி எனக்குப் பிடித்த எழுத்துருதான், ஆனால் அதைப் பார்த்தால் ஐஸ்கிரீம் ஞாபகம் வருகிறது. கறைக்கு மேலே எந்தக் கம்ப்யூட்டர் எழுத்தும் வேறு வீட்டுப் பிள்ளை போல நின்றது. சரி என்று நானே தூரிகைப் பேனாவால் எழுதினேன்.

அந்தக் கட்டத்தில்தான் டீச்சர் கேட்டார்: "தம்பி, அந்த 'ணை'யைப் பழைய மாதிரி போட முடியுமா?" 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் இணைக்கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலிருந்தே யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழிப்பு வரும். டீச்சரின் அம்மா கடைசிவரை அப்படித்தான் எழுதினாராம். நாவலில் வரும் பாட்டியின் கணக்கு நோட்டும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

எழுதிப் பார்த்தேன். தலைப்பில் மற்ற எழுத்தெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்க, அந்த ஒன்று மட்டும் தலையைத் தூக்கி வளைந்தது. கீழே கறை போகும் திசைக்கு எதிர்த் திசையில் அந்த வளைவு. அலங்காரம் என்று தனியாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகளிடம் காட்டினேன். ஒரு நொடி நின்றாள், பிறகு சரியாகப் படித்தாள். அந்த ஒரு நொடி எனக்கு வேண்டும். பதிப்பாளருக்கு வேண்டாம். "பேரே படிக்கத் தெரியலன்னா எப்படி சார் வாங்குவான்?" என்கிறார். முதுகில் மட்டும் புது எழுத்தில் போடலாம் என்று நடுவழி ஒன்று சொன்னேன். ஒரே புத்தகத்தில் இரண்டு எழுத்தா என்று டீச்சருக்கு அதில் சம்மதமில்லை. எனக்கும் உள்ளூர இல்லை. இது இன்னும் தீரவில்லை.

ஆசிரியர் பெயரின் அளவு, பின்னட்டை வாசகம், பார்கோடு எங்கே வைப்பது போன்றவையெல்லாம் வழக்கம்போல முடிந்தன. பார்கோடு மட்டும் கறையின் வெளுத்த நுனியில் உட்காரப் பார்த்தது, இரண்டு சென்டிமீட்டர் தள்ளினேன்.

இப்போது பாக்கி இருப்பது வேறு ஒரு விஷயம். கறையை முதலில் ஸ்கேன் செய்தது தோப்பிலிருந்து வந்த மறுநாள். மூன்று வாரம் கழித்து, இன்னும் கூடுதல் தெளிவில் வேண்டும் என்று அதே தாளை மறுபடி ஸ்கேன் செய்தேன். இரண்டையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பொருந்தவில்லை. எண்ணெய் தாளுக்குள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மஞ்சள் விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, விரல்களுக்கு நடுவே இருந்த வெள்ளை இடம் குறைந்து, கறுப்பும் இன்னும் கறுத்திருந்தது. இரண்டு படத்தையும் டீச்சருக்கு அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டேன்.

அன்று பதில் இல்லை. மறுநாள் காலை ஒரு குரல்பதிவு. "அச்சுக்கு எப்ப தம்பி குடுக்கணும்? அதுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க."

தாள் மேஜை மேல்தான் இருக்கிறது. மேலே வேறு எதையும் வைப்பதில்லை.